கூறையின் சிவப்பு எங்கே போனது?

கிளிநொச்சியிலிருந்து:
ஆனி மாதம், பரந்தனில் ஒரு கலியாணவீடு. கூறை மாற்றி வந்த மணப்பெண்ணை வயல் வரம்பில் நிறுத்திப் படம் எடுத்தேன். இரணைமடுத் தண்ணீரில் சிறுபோகப் பயிர் குடலைப் பருவத்தில் நின்றது. என் கணினித் திரையில் அந்தப் பச்சையும் கூறையின் சிவப்பும் ஒன்றோடொன்று மல்லுக்கு நின்றன. இணையத்தளத்தில் ஏற்றிவிட்டுக் கைபேசியில் திறந்தால், கூறை செங்கல் நிறம். வயல், தண்ணீர் காணாத வயல்.

கனடாவிலிருந்து பெண்ணின் பெரியம்மா அழைத்தார்: "தம்பி, கூறையை வாடகைக்கா எடுத்தார்கள்?"

அவசரத்தில் நிறச்செறிவை ஏற்றினேன். கூறை கொஞ்சம் உயிர்த்தது. மாப்பிள்ளையின் முகம் மஞ்சள் பூசிக் குளிக்கப் போகிறவர் போல ஆகிவிட்டது. தளத்துக்கு இடம் தந்தவர்களை மூன்று நாள் திட்டினேன். பாவம், அவர்கள் மேல் பாதிப் பிழைகூட இல்லை.

பிறகுதான் கோப்பின் பெயரைக் கவனித்தேன். 'டிஎஸ்சி' என்ற எழுத்துகளுக்கு முன்னால் ஓர் அடிக்கோடு. நிறவெளியை, அதாவது நிறங்களை எண்களாக எழுதும் கணக்கை, அடோபி ஆர்ஜிபி என்று வைத்தால் பல கமராக்கள் கோப்புக்கு அப்படித்தான் பெயரிடும். அச்சுக்கு நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு நானே மாற்றி வைத்தது அது.

இணையம் பெரும்பாலும் புழங்குவது 1996இல் எச்பியும் மைக்ரோசாஃப்டும் முன்வைத்த எஸ்ஆர்ஜிபி என்ற நிறவெளி. அதில் உச்ச எண்ணான 255 ஆக இருக்கும் முழுச் சிவப்பை அடோபி ஆர்ஜிபி 219 என்று எழுதும். எந்தக் கணக்கில் எழுதியது என்பதைப் படத்தோடு ஒட்டியிருக்கும் நிறக்குறிப்பு சொல்லும். என் தளம் படத்தைச் சிறிதாக்கும்போது அந்தக் குறிப்பை வெட்டி எறிந்துவிட்டது. உலாவி என்ன செய்யும்? 219ஐ எஸ்ஆர்ஜிபி என்றே எடுத்துக்கொண்டு மங்கிய சிவப்பைக் காட்டியது. நான் படம் திருத்தும் ஃபோட்டோஷாப் மென்பொருள் குறிப்பைப் படித்ததால்தான் என் கணினியில் எல்லாம் சரியாகத் தெரிந்தது.

இப்போது ஏற்றுவதற்கு முன் எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிவிடுகிறேன். திருத்திய படத்தைப் பார்த்துவிட்டுப் பெரியம்மா, "இது வேறு கூறையா?" என்றார்.

முல்லைத்தீவிலிருந்து:
அண்ணா, எனக்குக் கமராவே இல்லை, ஐபோன்தான். நந்திக்கடலின் அந்திச் செம்மையை எடுத்து ஏற்றினால் பழைய நாட்காட்டிப் படம் போல வந்தது. 2016இல் வந்த ஐபோன் 7 முதல் படங்கள் டிஸ்ப்ளே பி3 என்ற அகன்ற நிறவெளியில் பதிவாகின்றனவாம். நான் படத்தைச் சுருக்கப் பயன்படுத்திய செயலிதான் குறிப்பைத் தின்றிருக்கிறது. உங்கள் கூறைக்கு நடந்ததுதான் என் கடலுக்கும்.

மாங்குளத்திலிருந்து:
ஒரு பொறியைச் சொல்லிவிடுகிறேன். ஃபோட்டோஷாப்பில் 'அசைன்' என்றும் 'கன்வெர்ட்' என்றும் இரண்டு கட்டளைகள் அருகருகே இருக்கும். நான் ஒரு வருடமாக முதலாவதை அழுத்திக்கொண்டிருந்தேன். அது எண்களைத் தொடாமல் பெயர்ப்பலகையை மட்டும் மாற்றும். படம் அங்கேயே வெளிறிவிடும். நிறத்தைக் காப்பாற்றி எண்களைத் திருப்பி எழுதுவது 'கன்வெர்ட்' மட்டுமே. இன்னொன்று: படத்தைச் சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக் வடிவத்தில் தரத்தை மிகவும் குறைத்தால் குங்குமப் பொட்டின் ஓரம் நெற்றியில் கசியும். வெளிச்ச விவரத்தை விட நிற விவரத்தைத்தான் அது முதலில் குறைக்கும். சிவப்பில் அது அப்பட்டமாகத் தெரியும்.

வவுனியாவிலிருந்து:
குறிப்பு வெட்டுப்பட்ட பழைய படங்கள் அறுநூறு கிடக்கின்றன. மூலப்படங்கள் பழுதான வன்தட்டோடு போய்விட்டன. வழி உண்டா?

கிளிநொச்சியிலிருந்து:
உண்டு தம்பி. அடோபி ஆர்ஜிபியில் எடுத்தவை என்று உறுதியாகத் தெரிந்தால், மாங்குளத்தார் திட்டிய அந்த 'அசைன்' கட்டளைக்கு இங்கேதான் வேலை. முதலில் அந்தக் கட்டளையால் அடோபி ஆர்ஜிபி என்று குறியிடு, பிறகு எஸ்ஆர்ஜிபிக்கு 'கன்வெர்ட்' செய். முதலில் பத்துப் படத்தில் செய்து கைபேசியில் பார். முகம் சரியாக வந்தால் மீதியைத் தொடு.