பாமரேனியன் நாய்க்கு வெயில் காலத்துல மொட்டை அடிக்கலாமா?

தண்டையார்பேட்டை குமரன்:
அடிக்கணும்னுதான் சொல்வேன். பால்டிக் கடலோரம் பொமரேனியாவுல, குளிர்ல வளந்த ஸ்பிட்ஸ் ஜாதி அது. ரெண்டடுக்கு முடி. நம்ம ஏரியா மே மாசப் புழுக்கத்தை எப்படித் தாங்கும்? ட்ரிம்மர் போட்டு ஒட்ட எடுத்துடறதுதான் நல்லது.

பெரம்பூர் கீதா:
வேண்டவே வேண்டாம் அண்ணா. நாய்க்கு நம்மள மாதிரி உடம்பெல்லாம் வேர்க்காது, நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியேத்தும். வழிச்சா வெயில் நேரா தோல்ல விழும். அதைவிட மோசம், பாமுக்கு, அதான் பாமரேனியனுக்கு, ஒட்ட எடுத்த முடி மாசக்கணக்குல முளைக்காம போகும், சிலதுக்கு முளைக்கவே முளைக்காது. முளைச்சாலும் உள்முடி மட்டும் பஞ்சு மாதிரி வரும். தோல் கறுத்துடும்.

கொளத்தூர் ஆனந்த்:
குமரன் சார், குளிர் நாட்டுக் கதை பாதிதான். பழைய பாம் இதைவிடப் பெருசு. 1888-ல விக்டோரியா ராணி இத்தாலி ஃப்ளோரன்ஸ்லேருந்து மார்க்கோன்னு ஒண்ணைக் கொண்டுபோனாங்க, அதுவே சுமார் 5 கிலோ. அதுக்கப்புறம் இங்கிலாந்துல சின்னதாவே பாத்துப் பாத்து இனம் சேர்த்தாங்க. இன்னிக்கு அமெரிக்க ஸ்டாண்டர்டுல 1.4-லேருந்து 3.2 கிலோ வரைதான். நம்ம தெருவுல பாம்னு கூப்பிடற 8, 10 கிலோ வெள்ளை நாய் பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ், தலைமுறை தலைமுறையா இங்கேயே பொறந்து வளந்தது.

தண்டையார்பேட்டை குமரன்:
எதுவா இருந்தா என்ன, ரெண்டுக்கும் முடி ஒண்ணுதானே? கடல்காத்து ஈரத்துல காதுக்குப் பின்னாடியும் தொடை இடுக்குலயும் சிக்கு விழுது. உள்ள ஈரம் நின்னு புண்ணாகுது. உண்ணி இருந்தாலும் தெரியறதில்ல. இதுக்கு வழி சொல்லுங்க.

பெரம்பூர் கீதா:
சிக்கு விழறது சீப்பு மேலோட மட்டும் ஓடறதாலதான். முடி மேல லேசா தண்ணி ஸ்ப்ரே பண்ணி, ஒரு கையால மேல தூக்கிப் பிடிச்சு, தோல் தெரியற மாதிரி வகிடு எடுங்க. அந்த வகிட்டோரமா ஸ்லிக்கர் பிரஷ் (வளைஞ்ச மெல்லிசு கம்பிப் பல் வெச்ச பிரஷ்) போடுங்க, அடுத்து அரை இஞ்ச் மேல இன்னொரு வகிடு. பின்தொடையில ஆரம்பிச்சுக் கழுத்து வரைக்கும் போங்க. வாரத்துக்கு மூணு தடவை. முடிச்சதும் ஸ்டீல் சீப்பு விட்டுப் பாருங்க, தடுக்குற இடத்துல இன்னும் சிக்கு இருக்கு. வகிடு எடுக்கறப்பவே உண்ணியும் கண்ணுல படும். சிக்கு எடுக்காம குளிப்பாட்டக் கூடாது, தண்ணி பட்டா இறுகிடும். குளிச்ச பிறகு சூடில்லாத காத்துல அடிமுடி வரை உலர்த்தணும். புண்ணு வர்றதே இப்படி உலர்த்தாம விட்டுடறதாலதான். ஆசனவாய், அடிவயிறு, விரல் இடுக்கு, இந்த மூணு இடத்துல மட்டும் முடியைக் குறைங்க.

கொளத்தூர் ஆனந்த்:
கழுத்துப்பட்டை கட்டியிருந்தா கழட்டிட்டு ஹார்னஸ் (நெஞ்சைச் சுத்திப் போடற வார்) போடுங்க. பாமுக்கு மூச்சுக்குழல் இயல்பாவே பலவீனம். வாத்து கத்தற மாதிரி இருமல் வந்தா உடனே காட்டணும். வெயில்ல ரொம்ப இரைச்சா அடிவயித்துலயும் பாதத்துலயும் ஈரத்துணி வைங்க.

தண்டையார்பேட்டை குமரன்:
சிக்கு தோலோட ஒட்டிப் போனதுக்கு அப்புறம் சீப்பு போட்டு இழுக்கறது கொடுமை. அப்ப வழிக்கிறதுதான் சரி, இதுல நான் மாற மாட்டேன்.

பெரம்பூர் கீதா:
அந்தத் திட்டை மட்டும் வழிங்க, அதுக்கு நானும் சரிங்கறேன். ட்ரிம்மர்லதான் எடுக்கணும், கத்தரி வைக்காதீங்க. சிக்கைப் பிடிச்சு இழுக்கறப்போ தோலும் சேர்ந்து மேல எழும்பும், வெட்டு தோல்லதான் விழும். உடம்பு முழுக்க அப்படி இருந்தா வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க, டாக்டர் பாத்து முடிவு பண்ணட்டும்.