புதுப்பிப்பு: பதிவேட்டில் 61, எமிஸில் 58 – மூன்றாவது ஆசிரியர் பணியிடம் தப்பியது

நாங்குநேரி பக்கத்து ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் பதிவேட்டில் 61 பிள்ளைகள், எமிஸில் (கல்வித் துறையின் இணையவழி மாணவர் பதிவு) 58 பேர்தான், மூன்றாவது ஆசிரியர் பணியிடத்தைக் காப்பது எப்படி என்று முன்பு கேட்டிருந்தேன். 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3. மூன்று பிள்ளைகள் எமிஸில் ஏறாததால் ஆசிரியர் ஒருவர் உபரிப் பட்டியலுக்கு, அதாவது தேவைக்கு மேல் இருப்பவர் கணக்கில், போகும் நிலை. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

பலித்தது, பதில் சொன்னவர்களில் வள்ளியூர் டீச்சர் காட்டிய வழி. புது எமிஸ் எண் போடாமல், பிள்ளையின் பழைய எமிஸ் எண்ணைப் பெற்றோர் கைபேசி எண்ணை வைத்துத் தேடினோம். திருப்பூரிலிருந்து திரும்பிய குடும்பத்துப் பிள்ளை காமன் பூலில்தான் (பழைய பள்ளி விடுவித்த பிள்ளைகளின் எமிஸ் பொதுப் பட்டியல்) இருந்தது, உடனே சேர்த்தாச்சு. மற்ற இருவரையும் பழைய தனியார் பள்ளி ஃபீஸ் பாக்கி என்று விடுவிக்கவே இல்லை. எமிஸில் கோரிக்கை போட்டு, வட்டாரக் கல்வி அலுவலரிடம் மனுவும் கொடுத்தோம். மாற்றுச் சான்றிதழ் தாமதத்தைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்பது கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 5. மனுவில் அதைக் குறிப்பிடுங்கள், வேலை நகரும். அவசரப்பட்டுப் புது எண் உருவாக்கினால் இரட்டைப் பதிவாகி இரண்டுமே சிக்கலாகும்.

ஆசிரியர் பணியிடத்தை முடிவு செய்யும் ஆகஸ்ட் 1 கணக்குக்குள் எமிஸிலும் 61 வந்துவிட்டது. பக்கத்துப் பள்ளியோடு இணைக்கிற பேச்சும் இப்போதைக்கு இல்லை.

எதிர்பாராதது சம்பளம். வேறு ஒன்றியத்திலிருந்து மாறுதலில் வந்த ஆசிரியருக்குச் சம்பளப் பட்டியலில் பெயரே வரவில்லை. பழைய அலுவலகம் தாளில் விடுவித்ததே தவிர, களஞ்சியத்தில் (அரசு ஊழியர் சம்பளம் போடும் இணையதளம்) விடுவிக்கவில்லை. கடைசி ஊதியச் சான்று கையில் இருந்தும் பயனில்லை. பணிவிடுவிப்பு அன்றே களஞ்சியத்திலும் விடுவித்தாச்சா என்று பார்த்துவிடுங்க அண்ணாச்சி.