புதுப்பிப்பு: பட்டறையில் அட்டை காட்டுபவர் வீட்டில் ஏன் அடிக்கிறார்?

அறிவுத்திறன் குறைபாடுள்ள பெரியவர்களின் கோபம் பற்றிய முந்தைய இழையில், செய்யும் வேலையை நிறுத்த வேண்டும் என்று தோன்றினால் அவர்கள் காட்டும் 'போதும்' படஅட்டையையும் மூச்சுப் பயிற்சியையும் சொல்லியிருந்தேன். தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வர்த் பக்கமிருந்து வந்த கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: பகலில் வேலை செய்யும் பட்டறையில் அட்டையைக் காட்டுகிறவர் வீட்டில் ஏன் கை ஓங்குகிறார்?

அநேகமாக நம் பக்கம்தான் கோளாறு. பட்டறையில் அட்டையைக் கண்டதும் வேலையை நிறுத்திவிடுகிறார்கள். வீட்டிலோ, "இரு, இந்தத் தட்டைக் கழுவிட்டுப் போ" என்கிறோம். இப்படிச் சில முறை நடந்தாலே போதும், தட்டை எறிந்தால்தான் விடுவார்கள் என்று கற்றுக்கொள்வார். முதல் சில வாரங்கள் எப்போது காட்டினாலும் உடனே 5 நிமிட ஓய்வு கொடுங்கள், பேரம் வேண்டாம். (மாமியார், அண்ணி எல்லாருக்கும் இதே விதி!) பிறகு, "இன்னும் ஒரு தட்டு, அப்புறம் ஓய்வு" என்று மெல்லக் கூட்டலாம்.

மூச்சுப் பயிற்சி அமைதியான நேரத்தில்தான்: 3 எண்ணி இழுத்து, 5 எண்ணி விடுவது, தினம் இருமுறை. கோபம் உச்சத்தில் இருக்கும்போது பாடம் ஏறாது. பேச்சைக் குறைத்து, வாசலை மறிக்காமல் தள்ளி நில்லுங்கள்.

திடீரென்று தொடங்கிய கோபமா? பல், காது, மலச்சிக்கல் முதலில் பாருங்கள். வலிப்புக்கு லெவெடிராசிட்டம் புதிதாகத் தொடங்கியிருந்தால் எரிச்சல் அதன் பக்கவிளைவாக இருக்கலாம், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கோபத்துக்கு ரிஸ்பெரிடோன் (மனநோய்க்கான மருந்து) கொடுப்பது பற்றிக் கேட்டவர்களுக்கு: மனநோய் இல்லாத 86 பேரிடம் நடந்து, 2008-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், கோபத்தைக் குறைப்பதில் அதுவும் அதே வகை மருந்தான ஹாலோபெரிடாலும் மருந்தில்லாத வெற்று மாத்திரையைவிட மேலாக இல்லை. ஏற்கெனவே எடுப்பவர்கள் தாமாக நிறுத்திவிடக் கூடாது.