பழைய ஜாஸ் பேஸ் விற்க வேண்டும்: பின் பிளேட்டில் எண் இல்லை, இரண்டு வால்யூமும் திறந்தால் தகரச் சத்தம்

தாழ்சுருதி எழுதியது:

வணக்கம். என்னிடம் மூன்று பேஸ் கிடார் இருக்கின்றன. சின்ன வீட்டுக்குக் குடிபோகிறோம், ஒன்றைக் கொடுத்துவிடலாம் என்று முடிவு. ஃபெண்டர் கம்பெனியின் ஜாஸ் பேஸ், மர நிறம், மேப்பிள் நெக், ஃபிங்கர்போர்டில் கறுப்புக் கட்டங்கள். சிங்கப்பூரில் இருந்த மாமா ஊர் திரும்பியபோது 1989-ல் அவரிடம் வாங்கினேன். அப்போதே பழசுதான். மெல்லிசைக் குழுவில் பத்து வருடம், கல்யாணம், கோயில் திருவிழா என்று சுமந்திருக்கிறேன். இடது தோள் இன்னும் அதை மறக்கவில்லை.

போன ஞாயிறு ஒருவர் பார்க்க வந்தார். முதல் வேலையாகப் பின்பக்கம் திருப்பினார். நெக்கைப் பாடியோடு இறுக்கும் நெக் பிளேட்டில் 'எஃப்' எழுத்து மட்டும்தான் இருக்கிறது, எண் இல்லை. "நாலு போல்ட் இருக்கணும் சார், இதுல மூணுதான். காப்பி" என்றார். அப்புறம் ஆம்ப்பில் மாட்டினார். ஒவ்வொரு பிக்கப்பும் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருள்) தனியாக நன்றாகப் பேசுகிறது. இரண்டு வால்யூமையும் முழுக்கத் திறந்தால் அடிச்சத்தம் காணாமல் போய்த் தகர டப்பா மாதிரி ஆகிறது, இரைச்சலும் ஏறுகிறது. "பிக்கப் போயிடுச்சு" என்று 60,000 ரூபாய் சொல்லிவிட்டுப் போனார்.

இது போலியா? பிக்கப், வால்யூம் கன்ட்ரோல், கம்பியைத் தாங்கும் துருப்பிடித்த பிரிட்ஜ் எல்லாவற்றையும் புதிதாக மாற்றி, பாடிக்கும் ஒரு கோட் அடித்து விற்கலாமா?

பழம்பலகை எழுதியது:

அண்ணே, முதலில் அந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வையுங்கள். எதையும் மாற்றாதீர்கள்.

வந்தவர் 60களின் பேஸை மனத்தில் வைத்துக்கொண்டு பேசியிருக்கிறார். 1976-ல் ஃபெண்டர் எண்ணைப் பின் பிளேட்டிலிருந்து எடுத்து ஹெட்ஸ்டாக்குக்கு, அதாவது கம்பி முறுக்கும் தலைப்பகுதிக்கு, கொண்டுபோய்விட்டது. முன்பக்கம் பிராண்டு பெயருக்குப் பக்கத்தில் பாருங்கள், 'எஸ்' எழுத்தில் தொடங்கும். மூன்று போல்ட்டும் சரிதான். ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிடாரில் 1971 கடைசியிலேயே வந்துவிட்டது. ஜாஸ் பேஸில் 70களின் நடுவில் வந்து 80களின் தொடக்கம் வரை இருந்தது. அவர்களுடைய இன்னொரு பேஸான பிரிசிஷனுக்கு மட்டும் நாலு போல்ட்டையே விட்டுவைத்தார்கள், குழப்பம் அங்கிருந்து வருகிறது. ஹெட்ஸ்டாக்கில் துப்பாக்கிக் குண்டு மாதிரி ஒன்று துருத்திக்கொண்டிருக்கிறதா? அதுவும் அந்தக் காலத்து அடையாளம்தான்.

ஆனால் எண் மட்டும் சாட்சியாகாது, ஸ்டிக்கர் யாரும் ஒட்டலாம். கன்ட்ரோல் தகட்டைக் கழற்றி, வால்யூம் கன்ட்ரோல்களின் முதுகில் குத்தியிருக்கும் எண்களைப் படம் எடுத்துப் போடுங்கள்.

தாழ்சுருதி எழுதியது:

குண்டு இருக்கிறது! ஹெட்ஸ்டாக்கில் எஸ்7, அதற்குப் பிறகு ஐந்து இலக்கம். முப்பத்தைந்து வருடமாக அதைப் பேட்டர்ன் நம்பர் என்று நினைத்திருந்தேன். இரண்டு வால்யூம், ஒரு டோன் என்று கன்ட்ரோல்கள் மூன்றிலும் 1377633. ஆனால் ஈயப்பற்று இரண்டு விதமாக இருக்கிறது. சில இடம் மங்கிச் சாம்பலாக, பின் பிக்கப் வயர் இரண்டிலும் மட்டும் பளபளவென்று பெரிய குமிழாக.

பழம்பலகை எழுதியது:

137 என்றால் கன்ட்ரோலைச் செய்த சிடிஎஸ் கம்பெனி, 76 வருடம், 33 வாரம். அதாவது அந்தக் கன்ட்ரோல்கள் 1976 ஆகஸ்ட் நடுவில் செய்தவை. எஸ்7 என்றால் 1977. வாங்கிக் குவித்த உதிரிகள் சில மாதம் டப்பாவில் கிடப்பது வழக்கம், அதனால் இரண்டும் அழகாகப் பொருந்துகிறது. இந்தக் கன்ட்ரோல்களைத் தூக்கிப்போட்டிருந்தால் வருடத்துக்கான சாட்சியையும் சேர்த்துத் தூக்கிப்போட்டிருப்பீர்கள். கரகரவென்றால் கான்டாக்ட் கிளீனர் இரண்டு சொட்டு விட்டுத் திருகினால் போதும்.

ஈயப்புகை எழுதியது:

அந்தப் பளபளப்புக் குமிழ்தான் உங்கள் வில்லன் சார். பிக்கப் சாகவில்லை. செத்திருந்தால் தனியாக எப்படிப் பேசும்?

ஜாஸ் பேஸில் ஒரு பிக்கப்பின் காந்தம் மற்றதற்கு எதிர்த்திசை, சுருளும் எதிர்த்திசை. அதனால் இரண்டையும் முழுக்கத் திறந்தால் கம்பியின் சத்தம் கூடும், இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கும். உங்களுக்கு நேர் தலைகீழாக நடக்கிறது. யாரோ சர்வீஸ் செய்தபோது ஒரு பிக்கப்பின் இரண்டு வயரையும் இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள்.

சோதிப்பது சுலபம். கேபிளை மாட்டி மறுமுனையில் பழைய முள் மீட்டரைப் பிடியுங்கள். ஒரு பிக்கப்பை மட்டும் திறந்து, ஸ்க்ரூடிரைவர் நுனியை அதன் காந்தத்தில் ஒட்டி, வெடுக்கென்று இழுங்கள். முள் ஒரு பக்கம் துள்ளும். அடுத்த பிக்கப்பிலும் அதே பக்கம்தான் துள்ள வேண்டும்.

தாழ்சுருதி எழுதியது:

முன்னது வலப்பக்கம் துள்ளியது, பின்னது இடப்பக்கம். அந்த இரண்டு வயரை மட்டும் இடம் மாற்றினேன். திறந்ததும் ஜன்னல் கம்பி அதிர்ந்தது, மனைவி எட்டிப் பார்த்தாள். இரைச்சல் சுத்தமாக இல்லை. 1998 வாக்கில் ஒரு கடையில் வயர் விட்டுப்போனதென்று ஒட்டக் கொடுத்தேன். அதற்கப்புறம் இத்தனை கச்சேரியும் ஒரே பிக்கப்பில் ஓட்டியிருக்கிறேன் என்று இப்போதுதான் உறைக்கிறது.

விலை எப்படி வைப்பது? அமெரிக்காவில் விற்கலாமா?

பழம்பலகை எழுதியது:

70களின் பிற்பகுதி அசல் ஜாஸ் பேஸ் அங்கே சில ஆயிரம் டாலருக்குப் போகிறது. 1965-ல் சிபிஎஸ் நிறுவனம் ஃபெண்டரை வாங்குவதற்கு முந்தையவை என்றால் கதையே வேறு, அந்த விலையை இதற்கு எதிர்பார்க்காதீர்கள். விற்பனைத் தளங்களில் கேட்கும் விலையைப் பார்த்து மயங்காமல், விற்று முடிந்த விலையைத் தேடுங்கள். பாடிக்கு மறுபடி கோட் அடித்தால் மதிப்பு பாதியாகச் சரியும். சிராய்ப்பும் துருவும் அப்படியே இருக்கட்டும், ஈரத்துணியால் துடைத்தால் போதும். பின் பிக்கப்பில் ஈயம் புதிது என்பதை நீங்களே எழுதிவிடுங்கள். மறைத்தால் தகட்டைக் கழற்றுகிற முதல் ஆள் கண்டுபிடிப்பார்.

ஃபிங்கர்போர்டு மேப்பிள் மரம் என்பது உங்கள் அதிர்ஷ்டம். ஈட்டி மரம் என்றால் 2017-ல் வந்த சைட்டிஸ் (அரிய உயிரினங்களின் வியாபாரத்துக்கான சர்வதேச ஒப்பந்தம்) கட்டுப்பாட்டில் மாட்டியிருக்கும். 2019 நவம்பரில் தயாரான இசைக்கருவிகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள், ஆனால் பிரேசில் ஈட்டிக்கு அந்த விலக்கும் இல்லை.

பார்சல் என்றால் கம்பியைக் கொஞ்சம் தளர்த்துங்கள், பெட்டிக்குள் ஹெட்ஸ்டாக்குக்கு அடியில் ஸ்பாஞ்ச் வையுங்கள். பெட்டி கவிழ்ந்தால் முதலில் அடிபடுவது அங்கேதான். நெக்கைக் கழற்றி அடிப்பக்கத்தைப் படம் எடுப்பதானால் முதலில் கம்பியைத் தளர்த்திவிடுங்கள்.

தாழ்சுருதி எழுதியது:

எடுத்துவிட்டேன். மரத்தூள் வாசனை கூட இருந்தது. கன்ட்ரோல், ஹெட்ஸ்டாக், ஈயக்குமிழ் எல்லாம் சேர்த்துப் பதினெட்டுப் படம் தயார்.

ஞாயிறு வந்தவர் நேற்று மறுபடி கூப்பிட்டார். அந்தக் காப்பிக்கு இப்போது 90,000 தருகிறாராம்.