"தேவன் எனக்குச் சொல்லாமல் உனக்குச் சொல்ல மாட்டார்" என்று போதகர் கூறினால்?

கேள்வி – உப்புவெளி வாசகி

அனைவருக்கும் ஸ்தோத்திரம். ஆறு வருடங்களாக எங்கள் சபையின் ஞாயிறு பாடசாலையில் கற்பித்து வருகிறேன். மூதூரில் குடியிருக்கும் எங்கள் சபைக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் வாசிப்பும் வேதபாடமும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்ற பாரம் சில மாதங்களாக என்னை விட்டு அகலவில்லை. போதகரிடம் சொன்னபோது, "தேவன் எனக்குச் சொல்லாமல் உனக்குச் சொல்ல மாட்டார்" என்றார். அபிஷேகம் பண்ணப்பட்டவர்களைத் தொடாதே என்ற வசனத்தையும் நினைவூட்டினார். நடத்துகிறவர்களுக்குக் கீழ்ப்படியும்படி எபிரெயர் 13:17 கூறுகிறதே. எனக்குள் இருப்பது அழைப்பா, அடங்காமையா?

பதில் – ஓய்வுபெற்ற ஆசிரியர், திருகோணமலை

மகள், "தொடாதே" என்ற அந்த வசனத்தை அது நிற்கும் இடத்திலேயே வைத்து வாசியுங்கள். 105ஆம் சங்கீதம் அங்கே பேசுவது, சொந்த நிலமின்றி ராஜ்யம் ராஜ்யமாக அலைந்த முற்பிதாக்களைப் பற்றி, எச்சரிக்கப்பட்டவர்களோ ராஜாக்கள். நாதியற்றவர்களுக்குக் காவலாக வந்த வார்த்தையை அதிகாரத்தில் இருப்பவர் தமக்குக் கேடயமாகப் பிடிப்பது எனக்கு எப்போதும் சங்கடமாகவே இருக்கிறது.

1 சாமுவேல் 3ஆம் அதிகாரத்தில் சத்தம் கேட்டது ஆசாரியனாகிய ஏலிக்கு அல்ல, சிறுவன் சாமுவேலுக்கு. மூன்று முறை எழுந்து ஓடிவந்த பிள்ளையை அவர் கடிந்துகொள்ளவில்லை. கூப்பிடுகிறவர் யார் என்று உணர்ந்ததும், என்ன மறுமொழி சொல்ல வேண்டும் என்பதைக் கற்றுக்கொடுத்துப் படுக்கைக்கு அனுப்பினார். விடிந்தபின், தம் வீட்டுக்கு எதிரான செய்தியையே மறைக்காமல் சொல்லும்படி வற்புறுத்திக் கேட்டார். தவறுகள் நிறைந்த மனிதர்தான், ஆனாலும் அந்த இரவில் தம் அதிகாரத்தைச் சரியாகவே பயன்படுத்தினார்.

அதற்காக உங்கள் பாரம் சோதித்தறியப்பட வேண்டியதில்லை என்று நான் சொல்லவில்லை. அந்தியோகியாவில் பர்னபாவும் சவுலும் பிரித்தெடுக்கப்பட்டபோது (அப்போஸ்தலர் 13) அங்கே ஐந்து பேருடைய பெயர்கள் இருக்கின்றன. உபவாசமும் ஜெபமும் இருக்கின்றன. எபிரெயரிலும் "நடத்துகிறவர்கள்" என்பது பன்மை; அவர்கள் கணக்கு ஒப்புவிக்க வேண்டியவர்கள் என்பதும் அதே வசனத்தில்தான் வருகிறது.

பதில் – கரைவலைக் குடும்பத்தவர், நிலாவெளி

ஆசிரியர் ஐயாவுடன் பெரும்பாலும் உடன்படுகிறேன். கூலியாட்களை வைத்துத் தொழில் செய்த செபெதேயுவை நான் எங்கள் ஊர்ச் சம்மாட்டியாகவே, அதாவது கரைவலைக்குச் சொந்தக்கார முதலாளியாகவே, நினைத்துக்கொள்வேன். அவருடைய பிள்ளைகளைப் படகிலிருந்து அழைத்த இயேசு, அவர்களுக்கு இன்னொரு சம்மாட்டியாகவில்லை. ஆனால் தங்கச்சி, நீரோட்டம் பிழையென்று கண்டு சம்மாட்டி வலையை நிறுத்தச் சொல்லும் நாட்களும் உண்டு. உங்கள் போதகரிடம் அப்படியொரு காரணம் இருக்கலாம். அனுமதியைக் கேட்பதற்கு முன் காரணத்தைக் கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்

நன்றி ஐயா, நன்றி அண்ணா. காரணத்தை நான் கேட்கவே இல்லை என்பதை இப்போதுதான் உணர்கிறேன். வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மூப்பர்களும் இருக்கும்படியாகப் போதகரிடம் பேச நேரம் கேட்டிருக்கிறேன். பிள்ளைகளுக்கென வாங்கிய பன்னிரண்டு கொப்பிகளும் அதுவரை அலுமாரியில் இருக்கட்டும்.