தினமும் ஆடியும் சதுரங்கத்தில் முன்னேற்றம் இல்லையே, ஏன்?

மாலைநேர ஆட்டக்காரன்:
அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 36. பள்ளியில் சதுரங்கம் பழகிவிட்டு வந்த மகனுக்கு ஈடுகொடுக்க வேண்டுமே என்று கடந்த ஆண்டு நானும் ஆடத் தொடங்கினேன். இரவு உணவுக்குப் பிறகு கைப்பேசியில் 5 நிமிட ஆட்டங்கள் எட்டோ பத்தோ ஆடிவிட்டுத்தான் படுக்கிறேன். வார இறுதியில் காணொளி பார்த்துப் புதிய ஓப்பனிங் (ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்களின் வரிசை) ஒன்றை மனப்பாடம் செய்கிறேன். ஆயினும் ஆறு மாதமாக என் ரேட்டிங் (ஆட்டத்திறனைக் காட்டும் புள்ளி) 800ஐச் சுற்றியே நிற்கிறது. மகனோ 1000ஐத் தாண்டிவிட்டான். நாளொன்றுக்கு முக்கால் மணி நேரம்தான் என்னால் ஒதுக்க முடியும். அதை எப்படிச் செலவிடலாம் என்று அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

பழைய பலகை:
முதலில் அந்த 5 நிமிட ஆட்டங்களை விடுங்கள். ஓர் ஆட்டம் 40 நகர்த்தல் நீடித்தால் ஒரு நகர்த்தலுக்கு உங்களுக்குக் கிடைப்பது ஏழரை விநாடி. அதற்குள் யோசிக்க முடியாது, ஏற்கெனவே உள்ள பழக்கத்தைத்தான் மீண்டும் செய்ய முடியும். பத்து ஆட்டத்துக்குப் பதிலாக 15 நிமிடமும் நகர்த்தலுக்கு 10 விநாடி கூடுதலும் உள்ள ஆட்டம் ஒன்றை ஒருநாள் ஆடுங்கள். மறுநாள் ஆடாமல் அதே ஆட்டத்தை எடுத்துவைத்து, எந்த இடத்தில் நிலைமை கைமீறியது என்று எஞ்சினை (ஆட்டத்தை ஆராயும் கணினி நிரலை) திறக்காமல் நீங்களே தேடுங்கள். எஞ்சின் விடையைச் சொல்லிவிடும். நீங்கள் ஏன் அப்படி ஆடினீர்கள் என்பது அதற்குத் தெரியாது.

உங்கள் நிலையில் பெரும்பாலான தோல்விகள் ஓப்பனிங்கால் வருபவை அல்ல, காவலின்றி விடப்பட்ட காய்களால் வருபவை. எனவே கை வைக்கும் முன் இரண்டைக் கேட்டுக்கொள்ளுங்கள்: எதிராளி இப்போது நகர்த்தியதால் எனக்கு என்ன ஆபத்து? நான் நகர்த்தப்போகும் காய் இதுவரை எதைக் காத்துக்கொண்டிருந்தது? இரண்டாவது கேள்வியைத்தான் எல்லோரும் மறக்கிறோம். புதிர்களுக்கு லிச்செஸ் தளமே போதும், அது முழுக்க இலவசம். ஆனால் தோன்றியதை அழுத்திப் பார்க்காமல், எதிராளியின் பதிலையும் மனத்துக்குள் கண்ட பிறகே காயை நகர்த்துங்கள்.

கடைசிச் சிப்பாய்:
மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் வாரத்தில் ஒருநாளாவது இறுதியாட்டத்துக்கு, அதாவது சில காய்கள் மட்டுமே மிஞ்சும் கட்டத்துக்கு, கொடுங்கள். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் நடந்த உலகப் பட்டத்தின் 14ஆவது ஆட்டம் நினைவிருக்கும். டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த நிலையில் அப்போதைய உலக சாம்பியன் டிங் லிரன் 55ஆவது நகர்த்தலில் யானையை எஃப்2வுக்கு (எழுத்து பலகையின் நெடுவரிசை, எண் கிடைவரிசை) கொண்டுபோனார். கறுப்பில் ஆடிய குகேஷ் யானைகளை மாற்றி, மந்திரிகளையும் மாற்றும்படி செய்தார். மிஞ்சியது ராஜாக்களும், கறுப்புக்கு இரண்டு, வெள்ளைக்கு ஒன்று என்ற கணக்கில் சிப்பாய்களும். அந்த முடிவு வெற்றி என்று தெரிந்தவருக்கே காய்களை மாற்றும் துணிவு வரும்.

தொடக்கத்துக்கு ஒரே ஒரு நிலையை அடுக்கிக்கொள்ளுங்கள்: வெள்ளை ராஜா இ5, சிப்பாய் இ4, கறுப்பு ராஜா இ7. ஆட வேண்டியது கறுப்பு என்றால் வெள்ளை வெல்லும். வெள்ளை என்றால் கறுப்பு சரியாக ஆடும்வரை டிரா. இப்போது சிப்பாயை இ3க்கு இறக்கி வையுங்கள். வெள்ளையின் முறையாக இருந்தாலும் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி, முறையைக் கறுப்பின் தலையில் கட்டிவிடலாம். எப்போது ஒரு நகர்த்தல் கையிருப்பில் இருக்க வேண்டும் என்பது இந்த ஒரு சிப்பாயிலேயே புரிந்துவிடும்.

யானைவழி:
வீட்டில் மகன் இருக்கும்போது கைப்பேசி எதற்கு? மரப்பலகையில், தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும் என்ற விதியோடு ஆடுங்கள். திரையில் பழகிய கண்ணுக்குப் பலகையில் மந்திரியின் குறுக்கு வழி சட்டென்று தெரிவதில்லை. என் முதல் போட்டியில் நான் ராணியை இழந்தது அப்படித்தான்.

மாலைநேர ஆட்டக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. இரண்டு வாரமாக நீண்ட ஆட்டங்களை மட்டுமே ஆடினேன். ரேட்டிங் இன்னும் ஏறவில்லை, முதல் வாரத்தில் சற்று இறங்கவும் செய்தது. ஆனால் நேற்றுத் தோற்ற ஆட்டத்தை எஞ்சினின்றிப் பார்த்தபோது ஒன்று புலப்பட்டது. நான் கறுப்பு, கேஸ்லிங் செய்து (ராஜாவையும் யானையையும் ஒரே முறையில் நகர்த்தி) ராஜா ஜி8இல், குதிரை எஃப்6இல். எதிராளி ராணியை டி3இலும் அதன் பின்னால் மந்திரியை சி2விலும் வைத்திருந்தார். அவருடைய எஃப்2 சிப்பாயைக் குறிவைத்துக் குதிரையை ஜி4க்குத் தாவவிட்டேன். ராணி எச்7 சிப்பாயை வெட்டியது, செக்மேட். பழைய பலகை அவர்கள் சொன்ன இரண்டாவது கேள்வியை நான் கேட்கவே இல்லை.

பழைய பலகை:
ஆம், எச்7க்கு அந்தக் குதிரைதான் காவல். ராணியும் மந்திரியும் ஒரே குறுக்குக் கோட்டில் நின்றதுமே ஜி6 என்று சிப்பாயை ஒரு கட்டம் தள்ளியிருந்தால் வழி அடைபட்டிருக்கும். குதிரைக்கும் விடுதலை கிடைத்திருக்கும். அதே நிலையைப் பலகையில் அடுக்கி, வெள்ளைக்கு மகனை உட்காரவைத்து அங்கிருந்து மீண்டும் ஆடிப் பாருங்கள்.