கடைக்குப் போகும்போது பிள்ளையோடு என்ன கதைப்பது?

கல்லடி அம்மா:
மகளுக்கு இரண்டரை வயசு. சொல்வதெல்லாம் விளங்குது, செருப்பை எடுத்து வா என்றால் எடுத்து வருவாள், ஆனால் வாயைத் திறந்தால் பாதிக்கு மேல் "அது", "இது" தான். இவர் கட்டாரில், வீட்டில் நானும் மாமியும் மட்டும். சந்தைக்கும் பேக்கரிக்கும் அவளையும் தூக்கிக்கொண்டுதான் போகிறேன், போகிற வழியெல்லாம் கதைத்தால் சொல் பெருகும் என்கிறார்கள். நானும் கத்தரிக்காய், வெண்டிக்காய் என்று காட்டிக் காட்டி "இது என்ன, சொல்லுங்க" என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். வேறெப்படித்தான் செய்வது?

களுவாஞ்சிக்குடி ரீச்சர்:
தங்கச்சி, கேள்வி கேட்பதை முதலில் விடுங்கள். நாலு பேர் பார்க்க "இது என்ன" என்று கேட்டால் பெரியவர்களுக்கே வாய் வராது. ஒரு வேலை கொடுங்கள். வெண்டிக்காய் பொறுக்கும்போது நுனியை முறித்துக் காட்டுங்கள், டக்கென்று முறிந்தால் "பிஞ்சு, பையில போடுங்க", வளைந்தால் "முற்றல், வேணாம்". அவள் கையிலும் ஒன்றைக் கொடுங்கள். காய்களின் பெயரை மட்டும் சேர்த்து வைத்து வசனம் கட்ட முடியாது, முறி, போடு, பாரம், முற்றல் மாதிரிச் சொற்களும் வேண்டும். அவள் "அது" என்றால் திருத்தப் போகாமல் "ஓம், பெரிய பூசணி, பாரம்" என்று கொஞ்சம் நீட்டிச் சொல்லிவிட்டுப் பேசாமல் பொறுங்கள். அந்தப் பொறுமைதான் நமக்கு வராது, அடுத்ததையும் நாமே சொல்லிவிடுவோம்.

படுவான்கரையான்:
ரீச்சர் சொல்வது சரி, ஆனால் சந்தை நெரிசலில் நடக்காது, சனம் குறைந்த நேரமாய்ப் பார்த்துப் போங்கள். நான் மகனை மீன் வாங்கக் கூட்டிப்போவேன். கூறு கூறாய் வைத்திருப்பார்கள்தானே, எந்தக் கூறு என்று அவன்தான் காட்ட வேண்டும். மறுகா வீட்டுக்கு வந்து என்ன வாங்கினோம் என்று அம்மாவிடம் அவனே சொல்ல வேண்டும். "நண்டு... கட்டி... கடிக்கும்" என்று கையை மடக்கிக் காட்டுவான். கடையில் கேட்ட சொல் எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். உங்கள் மாமியிடம் சொல்லவிடுங்கள், அவர் கடைக்கு வராதது இதற்கு நல்லது.

கல்முனை நேர்ஸ்:
இரண்டு வயசில் ஏறக்குறைய 50 சொல்லாவது இருக்க வேண்டும், "பால் தா" மாதிரி இரண்டு சொல் சேர்ந்தும் வர வேண்டும். வரவில்லை என்றால் கடைக்குக் கூட்டிப்போய்க் கதைத்துப் பார்ப்போம் என்று நாளைக் கடத்தாமல் கிளினிக்கில் மிட்வைஃபிடம் சொல்லுங்கள், காது கேட்பதையும் சோதிக்க வேண்டும். செருப்பைக் கையால் காட்டிச் சொன்னால் கையைப் பார்த்தே எடுத்து வந்துவிடும். காட்டாமல், பின்னால் நின்று சொல்லிப் பாருங்கள்.

கல்லடி அம்மா:
பின்னால் நின்றும் சொன்னேன் அக்கா, எடுத்து வந்தாள். "அப்பம்மா வா", "பாண் தா" எல்லாம் வருது. கிளினிக்கிலும் எதற்கும் சொல்கிறேன். ரீச்சர், வெண்டிக்காயை முறித்தால் கடைக்காரர் ஏச மாட்டாரா?

களுவாஞ்சிக்குடி ரீச்சர்:
ஏசுவார்தான். முறித்ததையெல்லாம் நீங்களே வாங்கிவிடுங்கள்.